பார்படோஸின் தென்கரையில் ஒரு வாரக் குடித்தனம்: சிக்கனமான கடற்கரை அபார்ட்மென்ட் ஹோட்டலில் முதன்முறை தங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

கரீபியக் கடல் பகுதியிலுள்ள பார்படோஸ் தீவின் தென்கரையில், ஹேஸ்டிங்ஸில் தொடங்கி ராக்லி, வொர்திங், டோவர், மேக்ஸ்வெல் வழியாக ஆய்ஸ்டின்ஸ் மீன்பிடித் துறை வரை செல்லும் சாலையின் கடல்புறத்தில், இரண்டு மூன்று மாடிகளுக்கு மேல் உயராத பழைய கட்டடங்கள் பலவற்றைக் காணலாம். ஒரு படுக்கையறை, ஒரு சின்ன அடுப்படி, ஒரு ஃபிரிட்ஜ், சாப்பாட்டு மேசை, கடலைப் பார்த்த பால்கனி என்பதே அவற்றின் பொதுவான அமைப்பு. அபார்ட்மென்ட் ஹோட்டல் என்று அழைக்கப்படும் இந்த விடுதிகளில் பளிங்குத் தரையோ, வாசலில் குளிர்பானத்துடன் வரவேற்கும் ஆட்களோ இருக்க மாட்டார்கள். ஆனால் படியிறங்கினால் மணல், நான்கு எட்டு வைத்தால் கடல் என்ற வசதியை, மேற்குக் கரையின் ஆடம்பர விடுதிகள் கேட்கும் தொகையில் ஒரு சிறு பங்குக்கே இவை தருகின்றன. டொரண்டோவிலிருந்து நேரடி விமானத்தில் ஏறக்குறைய ஐந்து மணி நேரம், லண்டனிலிருந்து எட்டரை மணி நேரம் என்பதால், அவ்விரு நகரங்களிலும் வாழும் நம்மவர்கள் குளிர்காலத்தில் பிள்ளைகளோடு சென்றுவர ஏற்ற இடம் இது.

போகுமுன் ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். அறை எடுக்கிறோம் என்று எண்ணாமல், ஒரு வாரத்துக்குக் குடித்தனம் போகிறோம் என்று எண்ணி ஒவ்வொரு முடிவையும் எடுங்கள். வாடகைக்கு வீடு பார்க்கும்போது தண்ணீர் வசதி எப்படி, அடுப்படியில் காற்று வருமா, மளிகைக் கடை எவ்வளவு தூரம், பஸ் எங்கே நிற்கும் என்றெல்லாம் விசாரிப்போம் அல்லவா? அதே கேள்விகள்தான் இங்கும் உங்கள் பணத்தையும் நிம்மதியையும் காக்கும்.

எந்த மாதம், எந்தக் கரை

டிசம்பர் நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை மழை குறைவு, காற்று இதமானது, வாடகை உச்சத்தில் இருக்கும். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் பருவம். பார்படோஸ் மற்றத் தீவுகளின் வரிசையிலிருந்து விலகிக் கிழக்கே தனித்து நிற்பதால், பல புயல்கள் அதன் வடக்கே திரும்பிப் போய்விடுகின்றன. அதை நம்பி அசட்டையாக இருந்துவிடவும் கூடாது. 2021 ஜூலையில் எல்சா புயல் தீவைத் தாக்கியது. 2024 ஜூலை 1 அன்று தெற்கே கடந்து சென்ற பெரில் புயல் கரையைத் தொடாமலே மீனவர்களின் படகுகளை நொறுக்கிவிட்டது. அந்தப் பருவத்தில் செல்வதாக இருந்தால், பணத்தைத் திரும்பப் பெறக்கூடிய முன்பதிவும் பயணக் காப்பீடும் கட்டாயம் வேண்டும்.

சார்கசம் என்ற பழுப்பு நிறக் கடற்பாசியைப் பற்றி விளம்பரப் படங்கள் எதுவும் சொல்வதில்லை. 2011 முதல் கரீபியக் கரைகளில் பெருமளவில் ஒதுங்கிவரும் இந்தப் பாசி, வசந்த காலத்திலும் கோடையிலும் மிகுதியாக வருகிறது. மணலில் குவிந்து அழுகும்போது கெட்டுப்போன முட்டையின் நாற்றம் வீசும். தீவின் கிழக்குக் கரையும் தெற்குக் கரையின் சில பகுதிகளும் இதற்கு இலக்காகின்றன, மேற்குக் கரை பெரும்பாலும் தப்பிவிடுகிறது. எனவே மார்ச் முதல் ஆகஸ்ட் வரையிலான மாதங்களில் செல்வோர், புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னர் விடுதிக்கு மின்னஞ்சல் எழுதி, கரையின் அன்றைய படத்தை அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். நேர்மையான விடுதிக்காரர் அனுப்புவார். வாடகை, மழை, பாசி மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், நவம்பர் கடைசி வாரத்துக்கும் டிசம்பர் நடுப்பகுதிக்கும் இடைப்பட்ட நாள்களே சிக்கனக்காரருக்கு உகந்தவை என்பது என் தீர்மானம்.

கரையைப் பொறுத்தவரை, மேற்கே கடல் குளம்போல் அமைதியாக இருக்கும், ஆனால் செலவு அதிகம். கிழக்கே பாத்ஷீபா போன்ற இடங்களில் அட்லாண்டிக் பேரலைகள் நேரே வந்து மோதுவதால் அங்கே நீந்தவே கூடாது. தெற்கு இரண்டுக்கும் நடுவே அமைந்தது. அந்தத் தெற்கிலும் இடத்துக்கு இடம் குணம் மாறும். சிறு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு வொர்திங் பகுதியைத்தான் நான் முதலில் சொல்வேன். அங்கே பவளப்பாறைத் திட்டு ஒன்று அலையைத் தடுத்துவிடுவதால், கரையோரத் தண்ணீர் ஆழமின்றித் தெளிந்து கிடக்கும். டோவர் கரை அழகானது, ஆனால் அலையும் இழுப்பும் சற்று அதிகம். செயின்ட் லாரன்ஸ் கேப் என்ற ஒன்றரை கிலோமீட்டர் அளவிலான தெரு, உணவகங்களாலும் இரவு இசையாலும் நிறைந்தது. இளைஞர்களுக்குப் பிடிக்கும், எட்டு மணிக்குக் குழந்தையைத் தூங்கவைக்க வேண்டியவர்களுக்குப் பிடிக்காது. ஹேஸ்டிங்ஸுக்கும் ராக்லிக்கும் இடையே கடலோரமாகவே மரப்பலகை நடைபாதை இருப்பதால், காலையும் மாலையும் நடக்க விரும்பும் பெரியவர்களோடு செல்வோருக்கு அந்தப் பகுதி வசதி.

பதிவு செய்வதற்கு முன்

பணம் வீணாவதும் மிச்சமாவதும் இந்தக் கட்டத்தில்தான். நாங்கள் முதன்முறை சென்றபோது, கடற்காட்சி உள்ள அறை என்ற சொல்லை நம்பிப் பணம் கட்டினோம். போய்ப் பார்த்தால் விடுதி சாலைக்கு இந்தப் பக்கம், கடல் சாலைக்கு அந்தப் பக்கம். பால்கனியின் ஒரு மூலையில் நின்று கழுத்தைத் திருப்பினால், இரண்டு கூரைகளுக்கு நடுவே நீல நிறத்தில் ஒரு கீற்றுத் தெரிந்தது. விடுதிக்காரர் பொய் சொல்லவில்லை, நாங்கள்தான் சொல்லின் பொருளைக் கேட்டுத் தெளியவில்லை. கடற்கரையை ஒட்டியது என்றால் கட்டடத்துக்கும் மணலுக்கும் நடுவே வேறு எதுவும் இல்லை என்று பொருள். கடல் முகப்பு என்றால் கட்டடம் கடலைப் பார்த்திருக்கும், ஆனால் கீழே மணலுக்குப் பதில் பாறையோ தடுப்புச் சுவரோ இருக்கலாம். கடற்காட்சி என்றால் எங்கிருந்தோ கடல் தெரியும், அவ்வளவுதான். தோட்டக் காட்சி என்பது பெரும்பாலும் கார் நிறுத்துமிடத்தின் மறுபெயர். விடுதியின் பெயரை இணைய வரைபடத்தின் செயற்கைக்கோள் படத்தில் தேடி, கட்டடத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று நீங்களே பார்த்துவிடுவது எல்லா வருணனைகளையும்விட நம்பகமானது. கரை அரிப்பால் மணலின் அகலம் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், பயணிகள் அண்மையில் எடுத்த படங்களையும் பாருங்கள்.

அடுத்து, விலையின் உள்விவரம். திரையில் தெரியும் ஓரிரவு வாடகையோடு மதிப்புக் கூட்டு வரி, பெரும்பாலும் 10 விழுக்காடாக இருக்கும் சேவைக் கட்டணம், அறைக்கு ஓரிரவு வீதம் விதிக்கப்படும் அரசுத் தீர்வை ஆகியவை சேரக்கூடும். இவையெல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்றும், அந்தத் தொகை அமெரிக்க டாலரா பார்படோஸ் டாலரா என்றும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இரண்டு பார்படோஸ் டாலர் ஓர் அமெரிக்க டாலருக்குச் சமம் என்ற விகிதம் 1975 முதல் மாறாமல் இருந்துவருகிறது. கணக்குப் போட எளிதுதான், ஆனால் இரண்டுக்கும் ஒரே டாலர் குறியைப் பயன்படுத்துவதால் குழப்பத்துக்கும் இடமுண்டு.

பிறகு ஏசி. சில சிக்கன விடுதிகளில் ஏசி படுக்கையறையில் மட்டும் இருக்கும், வேறு சிலவற்றில் அதற்குத் தனிக் கட்டணம். கிழக்கிலிருந்து வீசும் வாணிபக் காற்று இத்தீவின் இயற்கை விசிறி என்பதால், கடலைப் பார்த்த அறையில் பட்டைப் பட்டையாகத் திறக்கும் ஜன்னல்களும் கூரை விசிறியும் இருந்தால், குளிர்கால மாதங்களில் ஏசி இல்லாமலே உறங்கலாம். சாலைப்பக்க அறையில் அது முடியாது. காற்றும் வராது, வண்டிச் சத்தத்தால் ஜன்னலைத் திறக்கவும் இயலாது. ஆகவே பத்து இருபது டாலர் கூடினாலும் கடல்பக்க அறையையே கேளுங்கள். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் உடன் வந்தால் தரைத்தளத்தைக் கேளுங்கள், ஏனெனில் இத்தகைய கட்டடங்கள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது. தனியே வருவோருக்கு முதல் மாடியே நல்லது, பால்கனிக் கதவைத் திறந்துவைத்துக் காற்று வாங்க அச்சமிருக்காது.

அடுப்படியைப் பற்றித் தனியாகவே கேட்க வேண்டும். அடுப்படி உண்டு என்று விளம்பரத்தில் போட்டிருந்தாலும், அது நான்கு பர்னர் கேஸ் அடுப்பாகவும் இருக்கலாம், ஒரு மைக்ரோவேவும் கெட்டிலும் மட்டுமாகவும் இருக்கலாம். எத்தனை பர்னர், பெரிய பாத்திரம் உண்டா, நல்ல கத்தி உண்டா, ஃபிரிட்ஜில் உறைபெட்டி உண்டா என்ற நான்கு கேள்விகள் போதும். துப்புரவு தினமும் உண்டா, ஒருநாள் விட்டு ஒருநாளா, பாத்திரம் கழுவுவது அதில் சேருமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலான இடங்களில் பாத்திரம் உங்கள் பொறுப்பு.

வெந்நீரைப் பற்றி ஒரு செய்தி. 1970களிலிருந்தே சூரிய வெந்நீர்க் கலன்களைக் கூரைகளில் ஏற்றிய நாடு இது, மக்கள்தொகை விகிதத்தில் உலகிலேயே அவற்றை மிகுதியாகப் பயன்படுத்தும் நாடுகளில் ஒன்று. உங்கள் விடுதியிலும் அதுவே இருக்க வாய்ப்புண்டு. மாலையில் கடலிலிருந்து திரும்பும்போது தண்ணீர் கொதிக்கும், மேகமூட்டமான நாளுக்கு மறுநாள் காலையில் வெதுவெதுப்பாகவே வரும். இதைப் பழுது என்று எண்ணிப் புகார் செய்ய வேண்டியதில்லை.

பயண ஆவணமும் பெட்டியும்

கனடா, பிரிட்டன் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குக் குறுகிய சுற்றுலாவுக்கு விசா வேண்டியதில்லை. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டில் செல்வோர் பார்படோஸின் விதியை மட்டும் பார்த்தால் போதாது, வழியில் விமானம் மாறும் நாட்டின் விதியையும் பார்க்க வேண்டும். அமெரிக்கா வழியே சென்றால், அங்கே விமானம் மாறுவதற்கு மட்டுமேகூட விசா தேவைப்படும். தங்கும் விடுதியின் முழு முகவரியும் திரும்பும் பயணச்சீட்டும் குடிநுழைவு அலுவலர் கேட்டால் காட்டும்படி கையில் இருக்கட்டும். தீவின் அரசு குடிநுழைவுப் படிவத்தை இணையவழியே நிரப்பும் ஏற்பாட்டை வைத்திருக்கிறது. புறப்படுவதற்கு முன்பே அதை முடித்துவிடுங்கள்.

மின்சாரம் 115 வோல்ட், பிளக் வட அமெரிக்காவில் உள்ளதைப் போன்ற தட்டை முனை. கனடாவிலிருந்து வருவோரின் சிறு ரைஸ் குக்கர் அங்கே அப்படியே வேலை செய்யும். லண்டனிலிருந்தோ சென்னையிலிருந்தோ கொண்டுவரும் 230 வோல்ட் குக்கர், பிளக்கை மாற்றினாலும் போதிய அளவு சூடேறாது. கைபேசி, மடிக்கணினி சார்ஜர்கள் பெரும்பாலும் இந்த இரண்டு வோல்ட் அளவையும் தாங்கும், அவற்றுக்கு அடாப்டர் மட்டும் போதும்.

மிளகாய்த்தூள், மல்லித்தூள், பெருங்காயம், கடுகு ஆகியவற்றைச் சிறு அளவில், கடையில் மூடி முத்திரையிட்ட பாக்கெட்டாகவே எடுத்துச்சென்று, சுங்கப் படிவத்தில் உணவுப்பொருள் உண்டு என்று குறித்துவிடுங்கள். பச்சைக் கறிவேப்பிலை, பழம், பச்சை இறைச்சி எதையும் கொண்டுசெல்ல வேண்டாம். செடிநோய்கள் தீவுக்குள் நுழையாமல் காக்கும் விதிகள் அங்கே கண்டிப்பானவை. இராணுவப் பச்சைப் புள்ளி போட்ட உடை எதுவும் பெட்டியில் இருக்கக் கூடாது. பார்படோஸில் பொதுமக்கள் அதை அணிவது சட்டப்படி குற்றம், குழந்தையின் தொப்பியாக இருந்தாலும் அப்படித்தான். இவற்றோடு துணி கிளிப் ஒரு டஜன், துணிப்பை இரண்டு, கொசு விரட்டி, பாறையில் நடக்க ரப்பர் செருப்பு ஆகியவற்றை வைத்துக்கொள்ளுங்கள். துணி கிளிப்பைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பால்கனிக் கம்பியில் வெறுமனே போட்ட துண்டைக் கடற்காற்று அரைமணி நேரம்கூட விட்டுவைப்பதில்லை.

வந்து இறங்கும் நாள்

கிராண்ட்லி ஆடம்ஸ் விமான நிலையமும் தென்கரை விடுதிகளும் கிறைஸ்ட் சர்ச் என்ற ஒரே வட்டாரத்தில் இருப்பதால், டாக்சிப் பயணம் அரைமணிக்குள் முடிந்துவிடும். டாக்சிகளில் மீட்டர் கிடையாது, இடத்துக்கு இடம் நிர்ணயித்த கட்டணம் உண்டு. ஏறுவதற்கு முன்பே தொகையையும் அது எந்த டாலர் என்பதையும் கேட்டு உறுதி செய்யுங்கள். டாக்சிகளின் எண்பலகை இசட் என்ற எழுத்தில் தொடங்கும். அது இல்லாத வண்டியில் ஏற வேண்டாம்.

அறைச் சாவியை வாங்கியதும் பெட்டியைப் பிரிக்காதீர்கள். பத்து நிமிடம் ஒதுக்கி அறையைச் சோதியுங்கள். அடுப்பின் ஒவ்வொரு பர்னரையும் பற்றவைத்துப் பாருங்கள். ஃபிரிட்ஜ் குளிர்கிறதா, கழிப்பறைத் தண்ணீர் நிற்காமல் ஓடுகிறதா, பால்கனிக் கதவின் பூட்டு விழுகிறதா, பெட்டகம் இயங்குகிறதா என்று பாருங்கள். உப்புக்காற்று இரும்பை அரித்துக்கொண்டே இருப்பதால் கதவின் சக்கரமும் பூட்டும்தான் இத்தகைய விடுதிகளில் முதலில் கெடுபவை. குறை ஏதும் இருந்தால் அப்போதே, புன்சிரிப்போடு சொல்லுங்கள், அறை மாற்றித் தருவது அந்த நேரத்தில்தான் எளிது. பேச்சை எப்போதும் வணக்கத்தில் தொடங்குங்கள். கடையிலோ பஸ்ஸிலோ அலுவலகத்திலோ, "குட் மார்னிங்", "குட் ஆஃப்டர்நூன்" என்று சொல்லாமல் நேரே கேள்விக்குப் போவதைப் பார்படோஸ் மக்கள் அவமரியாதையாகக் கருதுகிறார்கள். இந்த ஒரு பழக்கம் உங்களுக்குத் திறந்துவிடும் கதவுகள் பல.

அன்று மாலையே மளிகைக் கடைக்குப் போய்விடுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகள் முன்கூட்டியே மூடிவிடுவதால், வந்து சேரும் நாள் ஞாயிறாக இருந்தால் மறுநாள் காலை வரைக்கும் தேவையான ரொட்டி, பால்மாவு, பிஸ்கட் கைப்பையிலேயே இருக்கட்டும். குடிதண்ணீரைப் பெட்டி பெட்டியாக வாங்க வேண்டாம். பவளச் சுண்ணாம்புப் பாறை வழியே வடிந்துவரும் நிலத்தடி நீரே தீவின் குடிநீர் என்பதால், குழாய்த் தண்ணீரை மக்கள் அப்படியே குடிக்கிறார்கள். நாங்களும் அதையே புட்டியில் பிடித்து ஃபிரிட்ஜில் வைத்துக் குடித்தோம்.

அடுப்படியும் சந்தையும்

தீவின் உணவில் பெரும்பகுதி கப்பலில் வருவதால் சூப்பர்மார்க்கெட் விலை உங்களைத் திடுக்கிட வைக்கும். வெளிநாட்டுத் தானியப் பெட்டியும் திராட்சையும் பாலாடைக்கட்டியும் வாங்கினால் அடுப்படி இருந்தும் பயனில்லை. உள்ளூரில் விளைவதை வாங்கிச் சமைப்பதே வழி, அந்த வழியில் தமிழ்ச் சமையல் தெரிந்தவர்களுக்கு மற்றப் பயணிகளுக்கு இல்லாத வசதி ஒன்று உண்டு. காய்கறிக் கடையில் கிறிஸ்டோஃபீன் என்று எழுதி வைத்திருப்பது நம் சௌசௌ. ஓக்ரா நம் வெண்டைக்காய். பிஜன் பீஸ் என்பது பச்சைத் துவரை. பிரெட்ஃபுரூட் என்பது ஈழத்தில் ஈரப்பலா என்றும் தமிழகத்தில் சீமைப்பலா என்றும் சொல்லும் காய். பூசணியும் மரவள்ளிக் கிழங்கும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் வாழைக்காயும் தேங்காயும் எங்கும் கிடைக்கும். மற்றப் பயணிகள் பெயர்ப்பலகையைப் பார்த்துத் தயங்கி நிற்கும் இடத்தில், நீங்கள் ஒரு வாரச் சமையலுக்குக் கை நிறைய வாங்கிக்கொண்டு வரலாம். ஸ்காட்ச் பானட் என்ற குட்டி மிளகாயை மட்டும் பச்சை மிளகாய்க் கணக்கில் போட்டுவிடாதீர்கள். நான்கு பேருக்கான குழம்பில் ஒன்றைக் கீறாமல் முழுதாகப் போட்டு, கொதித்ததும் எடுத்துவிட்டாலே காரம் போதும்.

மீனுக்கு ஆய்ஸ்டின்ஸ். வெள்ளி இரவில் அங்கே நடக்கும் மீன் வறுவல் கூட்டம் புகழ்பெற்றது. ஒருநாள் அங்கே போய், சுட்ட மீனும், பாலாடைக்கட்டி சேர்த்துச் சுட்டெடுத்த மெக்கரோனிப் பை என்ற பண்டமும் வாங்கி நீண்ட மேசையில் எல்லாரோடும் அமர்ந்து சாப்பிடுங்கள். ஆனால் சிக்கனக்காரருக்கு அதைவிட முக்கியமானது பக்கத்திலேயே இருக்கும் மீன் சந்தை. ஏறக்குறைய டிசம்பர் முதல் ஜூன் வரை பறக்கும் மீன் வரும். நாகப்பட்டினம் கரையில் பறவைக்கோலா என்று சொல்லும் அதே வகை மீன்தான், இந்நாட்டின் தேசிய உணவில் இடம்பெற்றிருக்கிறது. அதை முள் எடுத்துக் கொடுக்கும் பெண்களின் கைவேகத்தை நின்று பாருங்கள். மீனின் முதுகைக் கத்தி நுனியால் ஒரே கோடாகத் திறந்து, இறக்கைக்கு அடியில் மறைந்திருக்கும் பக்க முட்களை விரலால் தடவிக் கண்டுபிடித்து நறுக்கி, நடுமுள்ளை வாலோடு சேர்த்து ஒரே இழுப்பில் உருவிவிடுவார்கள். கையில் மிஞ்சுவது புத்தகம்போல் விரிந்த, முள்ளற்ற சதை. என் தாயார் அந்தப் பலகையருகே வெகுநேரம் நின்றார். அன்றிரவு கொண்டுபோன மிளகாய்த்தூளும் கடையில் வாங்கிய புளியும் சேர்த்து அவர் வைத்த குழம்புக்கு, பக்கத்து அறைக்காரர்கள் கதவைத் தட்டி என்ன மணம் என்று கேட்டார்கள்.

சந்தையில் டால்ஃபின் என்று எழுதியிருப்பதைக் கண்டு பதற வேண்டாம். மாஹி மாஹி என்ற மீனைத்தான் அங்கே அப்படி அழைக்கிறார்கள், அறிவுள்ள அந்தக் கடல் விலங்குக்கும் இதற்கும் தொடர்பில்லை. கட்டியான சதை, முள் குறைவு, குழந்தைகளுக்கு ஏற்றது.

நாளுக்கு ஒருவேளை வெளியே, இருவேளை அறையில் என்ற திட்டம் எங்களுக்குப் பொருந்திவந்தது. மதிய வெயிலில் அடுப்பு முன்னால் நிற்காமல், காலையிலேயே சோறும் குழம்பும் ஆக்கிவைத்துவிட்டுக் கடலுக்குப் போகலாம். சமைக்கும்போது பால்கனிக் கதவைத் திறந்துவையுங்கள், தாளிப்புப் புகை அறையின் புகையுணரியை அலற வைத்துவிடும். சர்க்கரையையும் ரொட்டியையும் ஃபிரிட்ஜிலேயே வைக்க வேண்டும். எறும்புகள் எத்தனை சுத்தமான அறையையும் ஒரே இரவில் கண்டுபிடித்துவிடுகின்றன.

கடலில் இறங்குவதற்கு முன்

பார்படோஸில் கடற்கரைகள் எல்லாம் பொதுமக்களுக்கு உரியவை. எந்த ஆடம்பர விடுதியின் முன்னாலுள்ள மணலிலும் நீங்கள் நடக்கலாம், நீந்தலாம். சாய்வு நாற்காலியும் குடையும் மட்டுமே கட்டணத்துக்கு உரியவை. உங்கள் விடுதியில் விருந்தினருக்கு நாற்காலி இலவசமா என்று கேட்டுப் பாருங்கள்.

டோவர், ராக்லி போன்ற கரைகளில் உயிர்காப்பாளர்கள் பகலில் இருப்பார்கள். சிவப்புக் கொடி பறந்தால் இறங்கவே கூடாது. கொடி இல்லாத கரையில், உள்ளூர்க்காரர்கள் எங்கே குளிக்கிறார்கள் என்று ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு அங்கேயே இறங்குங்கள். அலை உங்களைக் கடலை நோக்கி இழுத்தால் எதிர்த்து நீந்திக் களைத்துவிடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பைவிட்டு வெளியேறிய பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். இதைப் பிள்ளைகளுக்கு மணலில் கோடு போட்டுக் காட்டியே விளக்குங்கள். பாறைத் திட்டுகளில் கருமுள் கொண்ட கடல் முள்ளெலிகள் ஒட்டியிருக்கும். ரப்பர் செருப்பு அதற்காகத்தான்.

மரங்களிலும் ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். மஞ்சினீல் என்ற மரம் கரையோரங்களில் வளர்கிறது. அதன் காய் பச்சை நிறக் குட்டி ஆப்பிளைப் போல அழகாக இருக்கும், கடித்தால் வாயும் தொண்டையும் வெந்துபோகும். அதன் பால் தோலில் பட்டாலே கொப்புளம் எழும் என்பதால், மழைக்கு அதன் அடியில் ஒதுங்கவும் கூடாது. பல இடங்களில் அடிமரத்தில் சிவப்பு வண்ணப் பட்டை அடித்து எச்சரித்திருப்பார்கள். பட்டை இல்லாத மரமும் இருக்கலாம், ஆகவே கரையில் கிடக்கும் எந்தக் காயையும் பிள்ளைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏறக்குறைய மே முதல் அக்டோபர் வரை அழுங்காமைகள் இரவில் கரையேறி முட்டையிடுகின்றன. பொரிந்து வெளிவரும் குஞ்சுகள் கடலின் வெளிச்சத்தை நோக்கி ஓட வேண்டியவை, அறைவிளக்கைக் கண்டால் அந்தப் பக்கம் திரும்பிச் சாலைக்குப் போய்ச் செத்துவிடும். கடலைப் பார்த்த அறையில் இருப்பவர்கள் அந்த மாதங்களில் இரவில் திரையை இழுத்துவிட்டு, பால்கனி விளக்கை அணைத்துவிடுவது அந்தச் சிற்றுயிர்களுக்குச் செய்யும் பேருதவி. ஆமையைக் கண்டால் விலகி நின்று பாருங்கள், கைபேசி விளக்கைப் போடாதீர்கள்.

போக்குவரத்தும் அன்றாடமும்

தென்கரையில் தங்குவோருக்கு வாடகைக் கார் தேவையில்லை. மூன்று வகை வண்டிகள் சாலையில் ஓடிக்கொண்டே இருக்கும்: நீல நிற அரசுப் பேருந்து, மஞ்சள் நிறத் தனியார் மினிபஸ், வெள்ளையில் அரக்குப் பட்டை போட்ட இசட்-ஆர் வேன். எதில் ஏறினாலும், எவ்வளவு தூரம் போனாலும் ஒருவருக்கு 3.50 பார்படோஸ் டாலர்தான். அரசுப் பேருந்தில் சில்லறை தரமாட்டார்கள், சரியான தொகை கையில் வேண்டும். நிறுத்தத்தில் நகரை நோக்கி, நகரிலிருந்து என்ற இரண்டில் ஒன்று எழுதியிருக்கும். நகர் என்றால் தலைநகர் பிரிட்ஜ்டவுன். 11ஆம் எண் இசட்-ஆர் வேன் தென்கரைச் சாலை நெடுகச் செல்வதால், ஆய்ஸ்டின்ஸுக்கும் நகருக்கும் அதுவே போதும். உள்ளே இசை காதைப் பிளக்கும், நான்கு பேர் இருக்கையில் ஐந்து பேர் இருப்பார்கள். பெரியவர்களோடு செல்லும்போது நீலப் பேருந்துக்குக் காத்திருங்கள். வண்டிகள் நம் ஊரைப் போல இடப்பக்கம் செல்லும். கனடாவில் வளர்ந்த பிள்ளைகள் சாலை கடக்கும்போது தவறான பக்கம் பார்ப்பார்கள் என்பதால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மாலை ஆறு, ஆறரைக்குள் இருட்டிவிடும். இருட்டிய பிறகு ஆளில்லாத மணலில் நடக்க வேண்டாம், சாலைவழியே வாருங்கள். முதல் இரவில், சீழ்க்கை அடிப்பதுபோல் விடாமல் கேட்கும் ஒலியைக் கேட்டு ஏசி கெட்டுவிட்டதோ என்று நினைப்பீர்கள். அது நகத்தளவுத் தவளைகளின் குரல். காலையில் பால்கனியில் வாழைப்பழத்தை வைத்துவிட்டு உள்ளே போகாதீர்கள், பச்சைக் குரங்குகள் தீவெங்கும் உண்டு. அந்திவேளையில் கொசு விரட்டி பூசுவது அவசியம், டெங்கு அங்கும் உள்ளது. அவசரத்துக்குக் காவல்துறை 211, தீயணைப்பு 311, ஆம்புலன்ஸ் 511 என்ற எண்களைக் கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள்.

அறையை விடும் நாள்

முந்தின இரவே மீதமுள்ள உணவுப்பொருளைக் கணக்கெடுங்கள். பிரிக்காத அரிசி, எண்ணெய், ரொட்டி ஆகியவற்றை அறையைச் சுத்தம் செய்யும் பெண்மணியிடம் கேட்டுக் கொடுக்கலாம், அல்லது அடுத்து வருவோருக்கென வரவேற்பறையில் விட்டுச்செல்லலாம். சேவைக் கட்டணம் கட்டியிருந்தாலும் அவர் கையில் தனியாக ஒரு தொகை கொடுப்பது முறை. மாலை விமானமாக இருந்தால், அறையை விட்ட பிறகு பெட்டிகளை எங்கே வைக்கலாம், கடலில் குளித்துவிட்டு உடை மாற்ற இடம் உண்டா என்று முதல் நாளே கேட்டுவையுங்கள். பல விடுதிகளில் இதற்கென ஒரு சிறு அறை ஒதுக்கியிருக்கிறார்கள். பார்படோஸ் டாலரை வெளிநாட்டில் மாற்றுவது அரிது. கடைசி நாள்களில் ஏடிஎம்மில் பெருந்தொகை எடுக்காமல், இருப்பதை மளிகைக்கும் பஸ்ஸுக்கும் செலவிட்டு, டாக்சிக்கு வேண்டியதை மட்டும் தனி உறையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.